உறையாத தயிரும் நான் இழுத்த கோடும்

தருமபுரிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற டீக்கடையில் பால் அடிப்பிடித்துவிட்டது. காலை பதினோரு மணி. தீய்ந்த பாலின் வாசனை செருப்புக் கடையைத் தாண்டி, பூக்காரர்களைத் தாண்டி, நான் நின்றிருந்த இடம்வரை வந்தது. கடைக்காரர் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு டீ வேண்டியிருக்கவில்லை. மூக்கு மட்டும் தன்பாட்டுக்குப் பழைய வேலைக்குத் திரும்பிப் போய்விட்டது.

வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு நாற்காலியில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாதவன், அத்தனை வருடம் உட்கார்ந்ததே அதிகம். நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எப்படி வரைவது என்பதைப் புத்தகங்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்லும். வரைந்த பிறகு என்ன நடக்கும் என்பதில் ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எழுதுகிறேன்.

நம் வேலைக்கு என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று பெயர். என் வீட்டில் யாருக்கும் இதை விளக்க முடிந்ததே இல்லை. ஒரு பெரிய நிறுவனத்தில் பத்துப் பன்னிரண்டு மென்பொருள்கள் ஓடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறை தன் அவசரத்துக்கு வாங்கியது. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. எது எதனோடு பேச வேண்டும், யார் சொல்வதை யார் நம்ப வேண்டும், ஒன்று நின்றால் எதெல்லாம் நிற்கும் என்பதையெல்லாம் ஒரே படமாக வரைந்து, அந்தப் படத்தின்படி நிறுவனத்தை நடக்க வைப்பது. அவ்வளவுதான். பெட்டிகள். கோடுகள். கோட்டின் நுனியில் ஓர் அம்பு.

நம்முடையது பால் நிறுவனம். ஊர்ப் பால் சேகரிப்பு மையத்தில் ஒவ்வொரு வீட்டாரும் கொண்டுவந்து ஊற்றுகிற பால், வண்டியேறிக் குளிரூட்டும் நிலையத்துக்கு வரும். அங்கே சோதித்து, டேங்கரில் ஏற்றி, தருமபுரித் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். இது பாலின் வழி. இதற்குப் பக்கத்திலேயே வேறு சில வழிகளும் ஓடின. மாட்டு டாக்டர் ஊர் ஊராகப் போகிற சுற்று. சோதனைப் பொருள்களின் கையிருப்பு. தீவனம். நான் வரும்வரை இவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. டாக்டர் ஒரு டைரி வைத்திருந்தார். கையிருப்புக்காரர் தனக்கென்று ஒரு மென்பொருள் வைத்திருந்தார்.

ஒன்றரை வருடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் இணைத்தேன். படம் காகிதத்தில் அடங்கவில்லை. நேதாஜி பைபாஸ் சாலையில், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பேனர் அடிக்கிற கடையில் ஃப்ளெக்ஸாக அடித்தோம். அடித்துக் கொடுத்தவர் அதை விரித்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இதென்னங்க சார், கரன்ட்டு லைனுங்களா?"

"இல்லைங்க. எங்க கம்பெனி."

"கம்பெனியா? ஒரு மூஞ்சி கூட இல்லீங்களே. ஓரத்துல மொதலாளி போட்டாவாவது வெச்சுக்கலாமில்லீங்க? எடம் கெடக்குது."

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த கோடு ஒன்று இருந்தது. ஊர் மையத்துப் பெட்டியிலிருந்து மாட்டு டாக்டரின் பெட்டிக்குப் போகிற கோடு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் பால் ஊற்றாத வீடு, டாக்டரின் சுற்றிலிருந்து தானாக விலகிவிடும். மாட்டை விற்றவன் வீட்டுக்கு டாக்டர் ஏன் மெனக்கெட்டுப் போக வேண்டும்? டாக்டர் மிச்சப்படுத்துகிற நேரத்தை எண்ணிப் பார்த்து நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். மழைத்துளி இலை நுனியில் சரியாக வந்து நிற்பதுபோல் அத்தனை அழகாக நின்ற கோடு அது.

இன்னொன்றும் செய்திருந்தேன். குளிரூட்டும் நிலையத்தில் ஒரு முறை, தொழிற்சாலை வாசலில் மறுமுறை என்று பாலை இரண்டு இடத்தில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வேலையை எதற்கு இருவர் செய்வது? இரண்டாவதை எடுத்துவிட்டேன்.

எட்டு மாதம் எல்லாம் ஓடியது. ஒன்பதாவது மாதம் ஒரு காலையில் தயிர் உறையவில்லை.

தொழிற்சாலையில் தயிர் ஊற்றுகிற பிரிவிலிருந்து ஃபோன். போய்ப் பார்த்தோம். வரிசையாக அடுக்கியிருந்த டப்பாக்களில் பால் பாலாகவே இருந்தது. ஆட்டினால் ஆடியது. அங்கே இருபது வருடமாக வேலை பார்க்கிறவர் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"ஒறையாதுங்க சார். நாளைக்கு வரைக்கும் வெச்சாலும் ஒறையாது. இது ஊசிப் பாலு."

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து சில நாள் தங்கியிருக்கும். மருந்து இருந்தால் உறைமோர் வேலை செய்யாது. தயிர் உறையாதது நமக்குக் கிடைத்த எச்சரிக்கை. அதே பால் பாக்கெட்டாக ஏதாவது ஒரு குழந்தையின் டம்ளருக்குப் போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அன்றைய பால் முழுவதையும் நிறுத்தினார்கள். கடைகளுக்குப் போனதைத் திரும்ப எடுத்தார்கள்.

எங்கிருந்து வந்தது? என் படம் இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தோம். தயிர்த் தொட்டியிலிருந்து டேங்கர் எண், டேங்கர் எண்ணிலிருந்து நிலையம். கம்பைநல்லூர். பொது மேலாளர் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று லேசர் பேனாவின் சிவப்பு வெளிச்சத்தை அந்தப் பெட்டிமேல் குத்தி நிறுத்தினார்.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் இந்தப் படம் வேணும்னேன். நேத்து வரைக்கும் ஆளாளுக்கு அடுத்தவனக் கைகாட்டுவான். இப்ப யாரு தப்பிக்க முடியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கும் உள்ளே ஒரு வெதுவெதுப்பு. மறைக்காமல் சொல்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு பெயர் இருந்தது. நசீமா. கம்பைநல்லூர் நிலையத்தின் சோதனை அறையில் ஐந்து வருடமாக ஒப்பந்த ஊழியர். வேதியியல் படித்தவர். கணவருக்கு மொரப்பூரில் தையல் கடை. அந்த வருடம் நிரந்தரமாக வேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயர் முதலாவதாக இருந்தது. மருந்து இருக்கிறதா என்று பார்க்கிற பட்டைகளைப் பாலில் முக்கி, முடிவைத் திரையில் பதிவது அவர் வேலை. மூன்று நாளாக, காலையும் மாலையும், 'சோதித்தது, சரி' என்று பதிந்திருந்தார். கையிருப்புப்படி அந்த மூன்று நாளில் ஒரு பட்டைகூடச் செலவாகியிருக்கவில்லை.

"சோதிக்காமலே சரின்னு போட்டிருக்கு அந்தம்மா," என்றார் பொது மேலாளர். "பொய்ப் பதிவுன்னு எழுதி வேலைய விட்டே அனுப்பிடலாம். படத்த வெச்சு ஒரு பக்கத்துக்கு ரிப்போர்ட் குடுங்க. நாளைக்கு மத்தியானம் கையில இருக்கணும்."

பொய்ப் பதிவு என்று எழுதி அனுப்பினால், அதற்குப் பிறகு எந்த உணவுக் கம்பெனியும் அவரை வாசலில் விடாது. அது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அறிக்கையை அரை மணியில் எழுதிவிட்டேன். அம்புகள் எல்லாம் ஒரே பக்கம் காட்டின. அனுப்பியிருக்கலாம். என்னைக் கம்பைநல்லூருக்கு நடத்திப் போனது நியாய உணர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். கையிருப்பு எண் உறுத்தியது. ஒருவர் சோம்பேறித்தனத்தால் சோதிக்கவில்லை என்றால் ஒரு நாள் விடுவார், ஒரு நாள் செய்வார். மூன்று நாளும் சுத்தமாகப் பூஜ்யம். சோம்பேறித்தனம் அத்தனை ஒழுங்காக இருக்காது.

மறுநாள் காலை முதல் பேருந்தில் போய் இறங்கினேன். சோதனை அறை என்பது ஒரு மேஜை, ஒரு குழாய், ஒரு கணினி. நசீமா எழுந்து நின்றார். செய்தி அவருக்கு முன்னமே வந்திருந்தது. கண் சிவந்திருந்தது. குரல் ஆடவில்லை.

"பட்டை தீந்து போச்சுங்க சார். ஸ்டோருக்கு நாலு தடவ ஃபோன் போட்டேன். எங்க ஸ்க்ரீன்ல ஒங்களுக்கு ஒரு பாக்கெட் இருக்குதுன்னு காட்டுதும்மாங்கறாங்க. இல்லைங்கன்னா, இருக்குதுங்கறாங்க. எனக்கும் அவுங்களுக்கும் இதே பேச்சு."

"அப்ப சோதிக்கலைன்னு போட்டிருக்கலாமே?"

அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "நீங்களே போடுங்க சார்."

உட்கார்ந்தேன். திரையில் இரண்டு பொத்தான்கள். சோதித்தது, சரி. சோதித்தது, சரியில்லை. எதையாவது ஒன்றை அழுத்தாமல் அடுத்த பக்கம் போகாது. அடுத்த பக்கம் போகாமல் டேங்கருக்கு வெளியேறும் சீட்டு அச்சாகாது. சரியில்லை என்று அழுத்தினால் நாற்பது ஊர்ப் பாலும் சாக்கடைக்கு. மூன்றாவதாக ஒரு பொத்தான் ஆரம்பத்தில் இருந்தது. 'சோதிக்கவில்லை.' இருந்தால் எல்லோரும் அதையே அழுத்துவார்கள் என்று சொல்லி எடுக்கச் சொல்லிவிட்டு மறந்தும் போனவன் நான்.

"டேங்கர் டிரைவரு வாசல்ல நின்னு ஆரன் அடிக்கறாருங்க," என்றார் நசீமா. "வெயிலு ஏறுது. சரியில்லைன்னு போட்டா அது பொய். சரின்னு போட்டாலும் பொய். நாளைக்குப் பட்டை வந்துரும்னு சின்னப் பொய்யா பாத்துப் போட்டேன்."

இதுவரை பாதிதான். அந்த ஊர்க்காரர்கள் ஊசிப் பாலை ஊற்றுகிறவர்களே அல்ல. ஊசி போட்டால் அந்தப் பாலைத் தனியாகக் கறந்து கீழே விடுவதுதான் அங்கே வழக்கம். இப்போது மட்டும் ஏன் வந்தது? பால் வண்டி ஓட்டுகிற முனியப்பனிடம் கேட்டேன். வாயில் இருந்த பாக்கைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நெசமாவே தெரியாமத்தான் கேக்கறீங்களா சார்?"

"தெரியலைங்க."

"அப்ப ஏறுங்க வண்டியில."

ஐந்து மைல் தள்ளி ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தினார். சின்னப்பொண்ணு என்கிற அம்மா மாட்டின் மடிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். கறுப்பு மாடு, நல்ல மாடு, ஒரு பக்கத்து மடி கல்லாக வீங்கியிருந்தது. முனியப்பன் என்னை அறிமுகப்படுத்திய விதத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஆத்தா, கம்ப்யூட்டருக்குள்ள இருந்து ஆளு வந்திருக்குது. கேக்கறதெல்லாம் கேட்டுக்க."

அந்த அம்மா திரும்பாமலே பேசினார். "நான் கேக்க என்னடா இருக்குது? மூணு நாளு பாலு ஊத்தாட்டி டாக்டரு வரமாட்டாருன்னாங்க. ஊசி அஞ்சு நாளு போடணுமாம். மொத நாளு போட்டுட்டுப் போனாரு. பாலக் கீழ விட்டா நாலாம் நாளு பேரு போயிரும், டாக்டரு வரமாட்டாரு. ஊத்துனா தயிரு கெட்டுருங்கறீங்க. மாடு சாவறதா, தயிரு கெடறதா, நீயே சொல்லு சாமி."

மாடு காதை ஆட்டி ஈயை விரட்டியது.

"இந்த வூடு மட்டுமில்லீங்க," என்றார் முனியப்பன். "மழைக்கப்பறம் இந்தப் பக்கம் ஏழெட்டு மாட்டுக்கு மடி வீங்கிக் கெடக்குது. அல்லாரும் ஊத்துறாங்க. முன்னெல்லாம் டாக்டரு டைரியப் பாத்துக்கிட்டு அவராவே வருவாரு. இப்ப டைரியே ஒங்க கைக்குப் போயிருச்சே."

நோய் வந்த மாட்டுக்கு டாக்டர் வேண்டும். டாக்டர் வேண்டுமென்றால் பால் ஊற்ற வேண்டும். நோய் வந்த மாட்டின் பாலை ஊற்றக் கூடாது. மூன்றும் என் படத்தில் இருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரி. மாடு விற்ற வீடும் மாடு படுத்த வீடும் என் திரையில் ஒரே மாதிரித் தெரிந்தன: மூன்று நாள் பால் இல்லை. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஒரு தடவை இந்த மண் பாதையில் இறங்கியிருக்க வேண்டும். ஒன்றரை வருடத்தில் நான் இறங்கவில்லை.

இளையவர்களே, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு வரைகிறபோது, அந்தக் கோட்டின் மறு நுனியில் இருக்கிறவருக்கு அதற்குப் பிறகு எத்தனை வழி மிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுமே மிச்சமில்லை என்றால் அவர் பொய் சொல்வார், அல்லது பாலை ஊற்றுவார். அதற்குப் பிறகு நீங்கள் அவர் பெயரைக் கண்டுபிடிப்பீர்கள், ஒரு மணி நேரத்துக்குள்.

மத்தியானக் கூட்டத்தில் அறிக்கையைக் கொடுக்கவில்லை. வாயால் சொன்னேன். ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று மூன்று இடங்களைக் காட்டினேன். டாக்டர் கோடு, எடுத்துவிட்ட பொத்தான், எடுத்துவிட்ட இரண்டாவது சோதனை.

பொது மேலாளர் பேனாவை மூடினார். "அப்ப படம் தப்புங்கறீங்களா?"

"படத்துல எப்படி இருக்கோ அப்படியேதான் சார் எல்லாரும் நடந்திருக்காங்க. அதுதான் பிரச்சினையே."

"தத்துவமெல்லாம் சாயங்காலம் பேசலாம். தணிக்கைக்கு ஆளு வர்றாங்க. யாரோ ஒருத்தர் பேரு எழுதணும். படத்தோட பேரையா எழுதறது?"

அந்த இடத்தில் என் பெயரை எழுதுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். யாராவது என் சார்பில் சொல்லிவிடுவார்கள் என்று ஓர் எதிர்பார்ப்பு. யாரும் சொல்லவில்லை. கடைசியில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் நடுவழி ஒன்று சொன்னார். நசீமாவை அனுப்ப வேண்டாம். சோதிக்காமல் சோதித்ததாகப் பதிந்தது தன் கவனக்குறைவு என்று அவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை இருக்கும். கோப்பும் மூடும். எல்லோருக்கும் நிம்மதி. கடிதத்தைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குகிற வேலை எனக்கு வந்தது. உங்களுக்குத்தான் வழி தெரியுமே என்றார்கள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாக்டரின் சுற்றைப் பால் கணக்கிலிருந்து பிரித்தோம். ஊசி போட்ட வீடு என்று டாக்டர் குறித்தால், அந்த வீடு பால் ஊற்றாவிட்டாலும் பெயர் போகாது. மூன்றாவது பொத்தான் திரும்பி வந்தது. அதை அழுத்தினால் ஸ்டோரில் ஒரு மணி அடிக்கும். எல்லோரும் அதையே அழுத்துவார்கள் என்று நான் பயந்தது நடக்கவேயில்லை. தொழிற்சாலை வாசலில் மறுபடியும் சோதிக்கிறார்கள். நசீமா அந்த வருடம் நிரந்தரமாகவில்லை, அடுத்த வருடம் ஆனார். சின்னப்பொண்ணு அம்மாவின் மாடு பிழைத்தது, ஒரு காம்பு போய்விட்டது. எனக்கு வரவேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது. அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தேன், வேறு மாடியில்.

இனி அந்தக் கடிதம். மறுநாளே எடுத்துக்கொண்டு போனேன். நசீமா அதை நின்றபடியே இரண்டு முறை வாசித்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இதுல இருக்கறது எதுவும் பொய் இல்லீங்க சார். சோதிக்கலைதான். சரின்னு போட்டதும் நாந்தான். ஆனா இத மட்டும் படிச்சா, படிக்கறவுங்க என்னை என்னன்னு நெனைப்பாங்க?"

"கையெழுத்துப் போட்டா வேலை இருக்கும்மா."

"இருக்கும்ங்க. எங்க வூட்டுக்காரரும் போட்டுருன்னுதான் சொன்னாரு. அஞ்சு வருசமா நான் முக்குன பட்டை அத்தனையும் பொய்யின்னு ஆயிருமேன்னுதான்." சற்று நிறுத்திவிட்டு, சிரிக்கவும் செய்தார். "நீங்க போட்ட ரெண்டு பட்டன் மாதிரியே இருக்குதுங்க சார் இந்தக் கடுதாசி. போட்டாலும் தப்பு, போடாட்டியும் தப்பு."

அறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கடிதத்தில் அவர் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்துக்கு மேலே நாலு விரல்கடை வெற்றிடம் இருந்தது. கடிதத்தை என் பக்கம் இழுத்தேன். எழுதினேன்:

'சோதனைப் பட்டைகள் கையிருப்பில் இல்லை. சோதிக்கவில்லை என்று பதிவதற்குத் திரையில் இடமில்லை. அந்த இடத்தை நீக்கியவன் நான். ஊசி போட்ட மாட்டின் பால் வந்ததற்குக் காரணமான விதியை வகுத்தவனும் நான்.'

கீழே பெயர், பதவி, கையெழுத்து. கூட்டத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டதுபோல் கை ஒட்டிக்கொள்ளவில்லை, நல்லவேளை. நசீமா ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். ஓர் எழுத்தைக் காட்டி, "இது என்னங்க, புரியல," என்றார். சொன்னேன். பிறகு அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார், நிதானமாக, முழுப் பெயரையும்.

மதியத்துக்கு முன் ஒரு பேருந்து இருந்தது. வாசல்வரை போதும் என்றேன். கேட்காமல் நிறுத்தம்வரை வந்தார். மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. பேருந்து வந்து நின்றது. ஏறி, படிக்குப் பக்கத்து சன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இப்பிடி எழுதிக் குடுத்துட்டீங்களே. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களா?"

"தெரியலைங்க."

கண்டக்டர் விசில் ஊதினார். நசீமா கையை எடுத்து இரண்டடி பின்னால் போனார்.

"ஏதாவது ஆனா வந்து சொல்லுங்க சார்," என்றார். "ஆகாட்டியும் வந்து சொல்லுங்க."